ஆரஞ்சுத் தட்டில் வைத்த கேரட்

பெர்மாஸ் ஜெயா,
ஜொகூர்.
ஞாயிறு காலை

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நானும் அம்மாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ சுகமா இல்லையா என்பதை உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும், போனில் நீ சொல்கிற "ஓக்கேப்பா"வை நான் நம்புவதே இல்லை, அதுவும் அந்தக் காப்பிட் காட்டுக்குள் லைன் கிடைக்கிற அன்றைக்குத்தான். உன் கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. படித்துவிட்டு அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, என்னமோ நான்தான் உன்னைச் சரவாக்கில் ஆசிரியராகப் போட்ட மாதிரி. உங்கள் பக்கத்தில் மிடின் என்று ஒரு காட்டுக்கீரை கிடைக்கிறது, பூண்டு தட்டிப்போட்டு வதக்கினால் முறுமுறுவென்று நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. பச்சையாக ஏதோ ஒன்று வயிற்றுக்குள் போகிறதே. இதை நான் பேப்பரில் எழுதுவதற்கு லைன் மட்டும் காரணம் இல்லை. உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை வாட்சாப்பில் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு பள்ளிக் கேண்டீன் என் கையை விட்டுப் போக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே கதைதான், பொறுமையாகப் படி.

அம்மா எப்போதும்போல விடியுமுன் பஸ் ஏறிப் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே டப்பாக்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, ஏழு மணிக்குமேல் வீட்டுக்கு வருகிறாள். அந்தப் பாலத்தில் மந்தை மாதிரி நிற்கிற ஜனங்களைப் பார்த்து மேடைக்கு மேடை "நம் மக்கள் உழைப்பாளிகள்" என்று பாராட்டுகிறார்கள். பாராட்டு யாருக்கு வேண்டும், இந்தப் பக்கமே மனுஷன் பிழைக்கிற மாதிரி ஒரு சம்பளம் கொடுத்தால் அவள் ஏன் நாலு மணிக்கு எழுந்திருக்கப்போகிறாள். சரி, அதை விடு, ஆரம்பித்தால் நாலு பக்கம் போகும். இந்த வருஷத் தொடக்கத்தில் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் கேண்டீன் எடுத்தது உனக்குத் தெரியும். அங்கே இரண்டு அடுப்புத்தான் இருக்கிறது, சோறும் குழம்பும் வைத்தாலே அடைத்துக்கொள்கிறது. அதனால் காய்கறி முழுவதும் நம் வீட்டு அடுப்பில்தான், நாம் சாப்பிடுகிற அதே சமையல். காலையில் அம்மா கிளம்பும்போது நானும் எழுந்து வெட்ட உட்கார்ந்துவிடுவேன்.

மூவார் ஃபேக்டரியில் பதினாறு வருஷம் நாற்காலிக்குக் கால் அறுத்த கை இது, எதை வெட்டினாலும் ஒரே அளவில்தான் வருகிறது. பாசாரில் ஒரே நீளக் கேரட்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், காய்கறிக் கடைச் சீனத் தவுக்கே பார்த்துவிட்டு மலாயில், "என்னா அண்ணே, கேரட்டு வாங்கறியா, மேசைக்குக் காலு வாங்கறியா?" என்று கேட்டான், பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும், ஒரே அளவாக இருந்தால்தான் ஒன்றாக வேகும். இந்த ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது நிறைய. பயித்தங்காயையும் கேரட்டையும் சேர்த்துப் பெரட்டல் செய்வதென்றால் பயித்தங்காயை முதலில் போட வேண்டும், கேரட் பின்னால் போனால் போதும், இல்லையென்றால் ஒன்று கூழாகிவிடும், ஒன்று பல்லைப் பெயர்க்கும். கோஸுக்குத் தண்ணீரே ஊற்றக்கூடாது, உப்புப் போட்டு மூடினால் அதுவே தண்ணீர் விடும். பரங்கிக்காய்க்குக் காய்ந்த இறால் கொஞ்சம் தட்டிப்போட்டால் வேறு எதுவும் வேண்டாம். பெரிய கேரட்டில் தண்ணீர்தான் அதிகம், கேமரன் மலையிலிருந்து வருகிற குட்டைக் கேரட்டுத்தான் இனிப்பு, அதைத் தோல் சீவக்கூடாது, கத்தியின் முதுகால் சுரண்டினாலே போதும். கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை, கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ. நீ கேரட்டைத் தொடமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். உங்கள் ஊருக்குப் படகில் கோஸும் பரங்கிக்காயும்தான் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இரண்டையாவது நான் சொன்ன மாதிரி செய்து பார், தினமும் மேகி தின்னாதே.

இப்போது கதைக்கு வருகிறேன். பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுப் பட்டியலில் காய்கறி கட்டாயம் இருக்க வேண்டும், நான் அநேகமாகக் கேரட்டுத்தான் வைப்பேன். மற்றப் பிள்ளைகள் காசு கொடுத்து நாசி லெமாக், நக்கெட், மீகூன் என்று வாங்கிக்கொள்வார்கள். முதல் வாரம் கூட்டத்தில் யாருக்குக் கொடுத்தேன், யாருக்குக் கொடுக்கவில்லை என்று குழம்பிப்போய் இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லாமல் போய்விட்டது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இலவசப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் தட்டு வாங்கினேன், மற்றவர்களுக்கு வெள்ளை. காலையிலேயே நாற்பத்தொரு ஆரஞ்சுத் தட்டைப் போட்டு அடுக்கி வைத்துவிட்டால் ஒரு குழப்பமும் இல்லை, தொழிற்சாலையில் சரக்குக்குக் கலர் ஒட்டிப் பிரிக்கிற மாதிரி. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன், அம்மாவிடமும் பீற்றிக்கொண்டேன். அவள் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள், எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கேரட் குப்பைக்குப் போக ஆரம்பித்தது. சோறு போகும், முட்டை போகும், கேரட் மட்டும் வாளியில் கிடக்கும். சரி, உறைப்பு என்று மிளகாயைக் குறைத்தேன். கெட்டி என்று துருவிப்போட்டேன். முட்டையில் கலந்து பொரித்தேன், முட்டையைப் பிய்த்துக் கேரட்டை எடுத்துப் போட்டார்கள். பூ மாதிரி வெட்டினேன், யோகா, ஐம்பது வயது மனுஷன் விடியற்காலையில் உட்கார்ந்து கேரட்டில் பூ வெட்டினேன், அந்தப் பூவெல்லாம் வாளியில் மிதந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் சுகுமாறன் வாளியைப் போன் வைத்துப் படம் எடுத்தார். "பாத்தீங்களா அண்ணே, ஓசில குடுத்தா இப்படித்தான், திமிரு. வீட்டுல கஞ்சிக்கு வழி இருக்காது, இங்க வந்து செலக்‌ஷன்," என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழைப் பிள்ளை என்றால் கொடுத்ததை நன்றியோடு மென்று விழுங்க வேண்டும், பிடிக்கவில்லை என்று சொல்ல அதற்கு நாக்கு இருக்கக்கூடாது என்று நினைக்கிற கூட்டம் இது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் தலைமையாசிரியை முதல் நாள்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "ராஜா, இவ்ளோ சாப்பாடு வேஸ்ட் ஆகுதுனு மேல போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இந்தத் தவணையோட வேற ஆளைப் பாருன்னுடுவாங்க." சுகுமாறனுக்குத் தெரிந்த ஒரு கேட்டரிங்காரர் வேறு தயாராக இருக்கிறாராம். அம்மாவை அடுத்த வருஷமாவது அந்தப் பாலத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று நான் இருக்கிறேன். கேண்டீன் போனால் எல்லாம் போச்சு.

அந்தப் பயத்தில்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். லோஷினி என்று ஒரு பிள்ளை, நான்காம் ஆண்டு, அப்பா லாரி ஓட்டுகிறவர், சிரித்த முகமாக இருக்கும். அதுதான் முதலில் கேரட்டைக் கொட்டுகிற ஆள். அன்றைக்கு வாளிப் பக்கம் வந்தபோது மறித்து உட்காரவைத்து, "ஒரு துண்டு மிச்சம் வைக்காம முடிச்சிட்டுத்தான் போவணும்," என்று பக்கத்திலேயே நின்றேன். மணி அடித்துவிட்டது, எல்லாரும் போய்விட்டார்கள், அது சாப்பிடவும் இல்லை அழவும் இல்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் போனதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கேரட் முழுவதையும் அள்ளி அள்ளி இரண்டே நிமிஷத்தில் தின்று முடித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னா பிள்ள, நல்லாத்தான சாப்புடற?" என்று கேட்டேன். அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கேரட்டு எனக்குப் புடிக்கும் அங்கிள். வெள்ளத் தட்டுல யாருக்கும் கேரட்டு இல்லல்லா, எங்களுக்கு மட்டுந்தான. சாப்புட்டா கேரட் கேங்குனு கூப்புடுவாங்க. கொட்டிட்டா கூப்புட மாட்டாங்க." தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டு, "டீச்சர் ஏசுவாங்க," என்று ஓடிவிட்டது. ஆறு மாதமாக நான் உப்பையும் உறைப்பையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒட்டாத குறையாகக் கலர் ஒட்டினது நான்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வந்து சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்க மக கேரட்டத் தொடாதது மட்டும் ஏன்னு நெனச்சீங்க?" என்றாள். மூவாரில் ஃபேக்டரி மூடின வருஷம் நீ மூன்றாம் ஆண்டு படித்தாய், இலவசச் சாப்பாட்டுப் பாரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன், அது ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. நீ ஒரு மாதம்தான் சாப்பிட்டாயாம், அந்தச் சாப்பாட்டில் தினமும் கேரட் இருக்குமாம், பிள்ளைகள் என்னமோ சொன்னார்களாம், அதற்குப் பிறகு ஆறாம் ஆண்டு முடிகிறவரைக்கும் நீ பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் சாப்பிட்டதில்லையாம். எனக்கு அப்படியே கோபம் வந்தது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். அம்மா சத்தமே போடவில்லை. "சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க? இந்தா இப்பக் கத்துறீங்களே, இதே கத்து அங்க போய் கத்தியிருப்பீங்க. மறுநாள் அவதான அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவணும்? அவளேதான் சொன்னா, அப்பாகிட்ட சொல்லாதம்மானு." நான் உட்கார்ந்துவிட்டேன். அதே வருஷம் ஒரு நாள் கேரட் பெரட்டலை நீ ஒதுக்கி வைத்தாய் என்று இரண்டு மணி நேரம் உன்னைத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, "சோறு போடறதே பெருசு, இதுல உனக்கு செலக்‌ஷனா" என்று கத்தினதும் ஞாபகம் இருக்கிறது. சுகுமாறன் சொன்னதும் அதே வார்த்தைதானே. எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? உன் பிடிவாதத்துக்கு உதாரணம் என்று அந்தக் கதையை நான் கல்யாண வீட்டிலெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன், நீயும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாய்.

மறுநாள் காலையில் நாற்பத்தொரு ஆரஞ்சுத் தட்டையும் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், இப்போது அம்மாவின் ரோஜாத் தொட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. எல்லாருக்கும் வெள்ளைத் தட்டு, ஒரே வரிசை, காசு கொடுக்கிற பிள்ளைக்கும் கொடுக்காத பிள்ளைக்கும் தட்டில் ஒரே காய்கறி. நாசி லெமாக் வாங்கினாலும் ஓரத்தில் ஒரு கரண்டி கேரட்டோ கோஸோ உண்டு. நாற்பத்தொரு பெயரையும் முகத்தையும் இரண்டு ராத்திரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தேன். மூன்றாவது நாளே சுகுமாறன் கூட்டம் போட்டுவிட்டார். தலைமையாசிரியை அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "காசு கட்டுற பேரண்ட்ஸுக்கு நாங்க என்னா பதில் சொல்றது அண்ணே? எம் பிள்ள தட்டும் ஓசித் தட்டும் ஒண்ணா?" என்றார். பழைய ராஜசேகரனாக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பேன். நான் எழுந்து நின்று, "சார், தப்பு என்னுது. பிள்ளைங்களுக்குக் கலர் கட்டுனது நான். கேரட்டுல ஒண்ணும் இல்ல, தட்டுலதான் இருந்திச்சி. நான் திருத்திக்கிட்டேன், ஒரு மாசம் குடுங்க, அதுக்கப்புறமும் வாளி நெறஞ்சா நானே சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்," என்றேன். இவ்வளவு பேசியும் என் குரல் உயரவில்லை, அதில் எனக்கே ஆச்சரியம். சுகுமாறன் விடவில்லை, "யாரு ஓசி, யாரு காசுனு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சா போதும் சார், ஒங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றேன். தலைமையாசிரியை தலையைக் குனிந்து ஏதோ பேப்பரைப் பார்க்கிற மாதிரி சிரிப்பை அடக்கிக்கொண்டார், பிறகு ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமையோடு அந்த ஒரு மாதம் முடிந்தது. எல்லாப் பிள்ளையும் திடீரென்று கேரட் பைத்தியமாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னமும் கொட்டுகிறார்கள். ஆனால் வாளி பாதிக்குமேல் ஏறுவதில்லை, அதில் கொட்டுவது எந்த வீட்டுப் பிள்ளை என்று வாளிக்குத் தெரியாது. சுகுமாறனின் மகள் தினமும் பயித்தங்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறாள், அதைத் திமிர் என்று இதுவரை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. லோஷினி இரண்டாவது தடவை தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்க அங்கிள், கஞ்சம் புடிக்காதீங்க," என்கிறது. தலைமையாசிரியை தானும் ஒரு தட்டு வாங்கி வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு, வருஷ முடிவு வரைக்கும் நானே நடத்தலாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போட வேண்டும், சுகுமாறன் சும்மா இருக்க மாட்டார், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்குச் சந்தோஷமாக இருக்கிறேன், யோகா. காலையில் அடுப்பில் கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டால் எனக்கு ஒரு தெம்பு வருகிறது, ஃபேக்டரியில் பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் வராத தெம்பு.

தீபாவளிக்கு டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, அந்த நேரத்தில் சரவாக்கிலிருந்து வருகிறவர்களின் தோலை விமானக்காரர்கள் உரித்துவிடுவார்கள். நீ வந்தால் சட்டியை நடுவில் வைக்கிறேன், வேண்டியதை நீயே போட்டுக்கொள், உன் தட்டில் இனி நான் எதையும் வைக்க மாட்டேன், பிடிக்காததை ஏன் என்றும் கேட்க மாட்டேன். எட்டு வயதில் உன்னை உட்காரவைத்த அந்த இரண்டு மணி நேரத்துக்கும், அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததற்கும் அப்பாவை மன்னித்துவிடு. அம்மா தன் முத்தத்தைச் சேர்த்து எழுதச் சொன்னாள், காய்ச்சல் மாத்திரை கையில் வைத்திருக்கிறாயா என்றும் கேட்கச் சொன்னாள். நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நீ எங்கே வேலை செய்தாலும் யாருக்கும் தலைகுனியாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். பதில் எழுதும்போது ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும், ரெஸ்ட் மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கேண்டீனுக்கு ஓடும்போது, நீ எங்கே போய் இருந்தாய்? எழுதப் பிடிக்கவில்லை என்றால் நேரில் வந்து சொல். இந்தத் தடவை நான் கத்த மாட்டேன், உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜசேகரன்